மண்ணோடு வரும் விருந்தாளி

ஊருக்குப் போய்த் திரும்பும் நம் குடும்பங்கள் வெறுங்கையோடு வருவதில்லை. வடகம், அப்பளம், ஊறுகாய் என்று கட்டிய பைகளோடு, ஈரச் சாக்கில் சுற்றிய செடி ஒன்றும் பெரும்பாலும் கூடவே வரும். மல்லிகைப் பதியனாக இருக்கலாம், கனகாம்பரமாக இருக்கலாம், அம்மா வீட்டுக் கொல்லையில் முளைத்த கறிவேப்பிலைக் கன்றாகவும் இருக்கலாம். வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கும், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கிக்கும் இப்படி வந்த செடிகள்தான் எத்தனையோ தமிழ் வீடுகளின் முற்றத்தில் இன்று பூத்துக் குலுங்குகின்றன.

ஆனால் அந்தச் செடிகளில் சில, இரண்டு மழை பார்ப்பதற்குள் காரணம் தெரியாமல் சோர்ந்துவிடுவதையும் பலர் கண்டிருப்பீர்கள். உரம் போட்டாலும் இலை பச்சை பிடிப்பதில்லை. தண்ணீர் விட்டாலும் நடுப்பகலில் தலை தொங்குகிறது. பூ சிறுத்து, மொட்டு குறைந்து, ஒருநாள் செடி பட்டுப்போகிறது. “இந்த மண்ணுக்கு இது ஒத்துவரவில்லை” என்று சொல்லி, அதே குழியில் அடுத்த செடியை நடுகிறோம். அதுவும் அப்படியே போகிறது.

பல சமயங்களில் குற்றம் மண்ணின் தன்மையிலோ செடியின் ராசியிலோ இல்லை. செடியின் வேரோடு ஒட்டியிருந்த மண்ணில், அழைக்காமலே வந்த ஒரு விருந்தாளி இருக்கிறது. அதன் பெயர் நூற்புழு.

பூச்செடி போனால் வேறு செடி வைத்துக்கொள்ளலாம் என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. முற்றத்தை அடுத்து நாலு மிளகுக் கொடியும் பத்து வாழையும் ஏலச் செடிகளும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது வருமானத்தைத் தொடும் விஷயம். அதைக் கொல்வதற்காக நாம் கையில் எடுக்கும் மருந்தோ உயிரையே தொடும் விஷயம். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

நூற்புழு என்பது என்ன?

மண்புழுவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மண்புழு உழவனின் நண்பன். நூற்புழுவோ நூலிழையைவிட மெல்லிய, கண்ணுக்குப் புலப்படாத உயிர். ஒரு மில்லிமீட்டரில் பாதி அளவுதான் இருக்கும். மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பெரும்பாலானவை நுண்ணுயிர்களைத் தின்று வாழும் சாதுக்கள். சில வகைகளுக்கு மட்டும் வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. அந்த ஊசியை வேரில் குத்திச் சாற்றை உறிஞ்சுபவைதான் நமக்குப் பகையானவை.

நம் பகுதித் தோட்டங்களில் முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதலாவது, வேர்முடிச்சு நூற்புழு. இது வேருக்குள் புகுந்து ஓரிடத்தில் தங்கிவிடும். அந்த இடத்தில் வேர் வீங்கி, மணி கோத்தது போல் முடிச்சு முடிச்சாகும். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். மல்லிகை, செம்பருத்தி, கனகாம்பரம் என்று தொடங்கி, கத்தரி, தக்காளி, வெண்டை, ஏலம், மிளகு வரை இதற்கு உணவாகாத பயிர் குறைவு.

இரண்டாவது, வேர் குடையும் நூற்புழு. இது ஓரிடத்தில் தங்காது. வேரின் சதையைத் தின்று சுரங்கம் வெட்டிக்கொண்டே போகும். வேர் கறுத்து அழுகும். வாழை, மிளகு, தென்னை, கமுகு, இஞ்சி, மஞ்சள் எல்லாமே இதற்கு விருந்து. கேரளத்து வீட்டுத் தோட்டத்தில் பக்கம் பக்கமாக நாம் நடுவதும் இவற்றைத்தான் என்பது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, வேரில் புண் உண்டாக்கும் நூற்புழு. தமிழ்நாட்டில் கனகாம்பரத்துக்குப் பெரும் பகை இதுதான். செடி குட்டையாகி, இலைகள் ஊதா கலந்த நிறத்துக்கு மாறும். புண்பட்ட வேர் வழியாக வாடல் நோய்க் காளானும் உள்ளே புகுந்துகொள்ளும்.

நம் மலைகளில் இதன் வரலாறு

இந்தியாவில் பயிர்களைத் தாக்கும் நூற்புழு முதன்முதலாகப் பதிவானது நமக்கு மிக அருகில்தான். 1901-ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்த பார்பர், நீலகிரியின் தேவாலாவில் உள்ள எஸ்டேட் ஒன்றில் தேயிலை வேர்களில் வேர்முடிச்சைக் கண்டு எழுதினார். பிற்காலத்தில் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி நடத்தியவரும் இவரே. 1906-இல் பட்லர் என்னும் அறிஞர் கேரளத்து மிளகு வேர்களில் இதே முடிச்சைக் கண்டார். 1966-இல், வேர் குடையும் நூற்புழு இந்தியாவில் முதன்முறையாக அறியப்பட்டது. அது அறியப்பட்ட இடம் பாலக்காடு மாவட்டம், பயிர் வாழை.

இதே வேர் குடையும் புழு, கடல் கடந்த நாடுகளில் செய்த அழிவு பெரிது. இந்தோனேசியாவின் பாங்கா தீவு ஒரு காலத்தில் மிளகுக்குப் பேர்போனது. அங்கே இலைகள் மஞ்சளாகி உதிரும் நோய் பரவி, சுமார் இருபது ஆண்டுகளில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மிளகுக் கொடிகள் அழிந்தன. அதற்கு இந்தப் புழுவே காரணம் என்று 1950-இல் விளக்கப்பட்டது. அமெரிக்காவின் புளோரிடாவில் எலுமிச்சை இனத் தோட்டங்களைத் தேய வைத்த நோய்க்கும் இதே இனப் புழுதான் காரணம் என 1953-இல் கண்டறிந்தார்கள். அங்கே அது தோட்டம் தோட்டமாகப் பரவ நர்சரிக் கன்றுகளே பெரிதும் வழி செய்தன.

இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. நூற்புழு தானாக வெகு தூரம் நகராது. மலை ஏறி வர அதற்குக் கால் இல்லை. கன்றின் வேரிலும், தொட்டி மண்ணிலும், மண்வெட்டியின் முனையிலும், செருப்பின் அடியிலும் அதைச் சுமந்து வருபவர்கள் நாமேதான்.

எப்படிக் கண்டுகொள்வது?

மேலே தெரியும் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மஞ்சள் இலைக்குச் சத்துக் குறைவும் காரணமாகலாம். தண்ணீர் தேங்குவதும் காரணமாகலாம். வேரைப் பார்த்தால்தான் தெரியும்.

சோர்ந்த செடியின் ஓரத்தில் அரை அடி ஆழம் மெதுவாகத் தோண்டி, மெல்லிய வேர்கள் சிலவற்றை எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். நல்ல வேர் வெளுப்பாகவும் ஒரே சீராகவும் இருக்கும். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சுப் புழு. கறுத்த புண்களும், தொட்டால் உரிந்து வரும் தோலும் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்றாக இருக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை. அவரை, தட்டைப்பயறு, சணப்பை போன்ற பயறுவகைச் செடிகளின் வேரிலும் சிறு உருண்டைகள் இருக்கும். அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சுகள். அவை வேரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது; உதிராது.

சந்தேகம் தீரவில்லை என்றால், வேர்ப்பகுதி மண் கால் கிலோவும் ஒரு பிடி வேரும் எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் உங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனுக்குக் கொண்டு போகலாம். பரிசோதனைக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் வழி சொல்வார்கள். ஏல விவசாயிகளுக்கு மைலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் இருக்கின்றன. வெயிலில் காய்ந்த மண்ணில் புழு செத்துப்போகும். பரிசோதனையில் உண்மை தெரியாது என்பதை மறவாதீர்கள்.

குருணை மருந்து வேண்டாம்

நூற்புழு என்றதும் “குருணை போடு” என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பியூரடான் என்ற பெயரில் அறியப்பட்ட கார்போபியூரானும், திமெட் என்ற பெயரில் அறியப்பட்ட போரேட்டும் நீண்ட காலம் தோட்டங்களில் இதற்காகப் பயன்பட்டவை. எஸ்டேட்டில் மிஞ்சியதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, வீட்டுப் பூச்செடிக்கு என்று எடுத்து வைப்பவர்களும் இருக்கக்கூடும். இதில் உள்ள ஆபத்தைப் பெண்களும் பிள்ளைகளும் உட்பட வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

இந்த மருந்துகள் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சுகள். வேர் வழியாக உறிஞ்சப்பட்டு இலைக்கும் காய்க்கும் ஏறுபவை. கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டால் அது ரசத்தில் வந்து சேரும். மழையில் கரைந்து கிணற்றுப் பக்கமும் போகும். கேரளத்தில் வீட்டுக் கிணறு பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மண்மேல் கிடக்கும் குருணையைத் தானியம் என்று கொத்திய கோழியும் குருவியும் அங்கேயே விழும்.

2011-இல் கேரள அரசு இவ்விரண்டையும் சேர்த்துப் பல பூச்சிமருந்துகளை மாநிலத்தில் தடை செய்தது. போரேட்டை இந்தியா முழுவதும் 2020-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்தினார்கள். ஆகவே எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கி வருவதும் சரியல்ல. பழைய பொட்டலம் வீட்டில் இருந்தால் தோட்டத்தில் கொட்டிவிடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்து, என்ன செய்வதென்று கிருஷி பவனில் கேளுங்கள். யாருக்காவது தப்பித்தவறி உள்ளே போய், வாந்தி, அதிக வியர்வை, வாயில் உமிழ்நீர் ஒழுகுதல், மூச்சுத் திணறல் என்று கண்டால், கை வைத்தியம் பார்க்காமல் மருந்துப் பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நூற்புழு மருந்தின் கதை ஒன்று தோட்டத் தொழிலாளர் எல்லோரும் அறிய வேண்டியது. நெமகான் என்ற மருந்தை அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களிலும் ஏராளமாகப் பயன்படுத்தினார்கள். 1977-இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்கள் பலருக்குக் குழந்தை பெறும் ஆற்றலே குன்றிப்போயிருந்தது தெரியவந்தது. 1979-இல் அங்கே அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தார்கள். வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டு நீண்ட காலம் நீதிமன்றங்களில் அலைய வேண்டியிருந்தது. புழுவைக் கொல்வது எதுவோ, அது அதைத் தூவும் கையையும் விட்டுவைப்பதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

நூற்புழு ஒருமுறை மண்ணில் ஊன்றிவிட்டால் அடியோடு ஒழிப்பது கடினம். அடக்கி வைக்கலாம், மேலும் பரவாமல் காக்கலாம். அதற்குப் பெரிய செலவும் தேவையில்லை.

1. மண்ணை வெயிலில் வேக வையுங்கள். நர்சரிக்கும் தொட்டிக்கும் இதைப் போன்ற வழி வேறில்லை. மண்ணை நனைத்து, அரை அடி உயரத்துக்குப் பரப்பி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் காற்றுப் புகாமல் மண் அணைத்து, நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். கறுப்புத் தாள் கூடாது. வெயில் ஊடுருவ வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் இதற்கு ஏற்றது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அந்த வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மூணாறு போன்ற குளிர்ந்த இடங்களில் வெயில் போதாது. அங்கே தொட்டி மண்ணைப் பழைய டின்னில் நீராவியில் அரை மணி நேரம் வேக வைக்கலாம். அல்லது கொதிநீரை இரண்டு மூன்று முறை மண் முழுதும் நனையும்படி ஊற்றி ஆற விடலாம்.

2. வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சதுர மீட்டருக்குக் கால் கிலோ வீதம் மண்ணில் கலந்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். தொட்டிக்கு ஒரு பிடி போதும். தொழுவுரம், இலைமக்கு தாராளமாக இட்டால், மண்ணில் நூற்புழுவைத் தின்னும் காளான்களும் மற்ற உயிர்களும் பெருகும்.

3. செண்டுமல்லியை நெருக்கமாகப் பயிரிடுங்கள். இதன் உயிருள்ள வேரில் நூற்புழுவுக்கு ஆகாத ஒரு பொருள் இருக்கிறது. 1950-களில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் ஓரத்தில் அழகுக்கு நாலு செடி வைத்தால் பலன் இராது. பாதித்த பாத்தி முழுவதும் இடைவெளி இல்லாமல் மூன்று மாதமாவது வளர வேண்டும். மே மாத இறுதியில் நட்டால் ஓணத்துக்குப் பூவும் கிடைக்கும். நம் தேனி, கம்பம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் பூவை, இந்த ஒரு தடவை நம் முற்றத்திலிருந்தே பூக்களத்துக்குக் கொடுக்கலாம். செண்டுமல்லிக்கு மாற்றாகச் சணப்பையையும் விதைத்து, பூக்கும் முன் மடக்கி உழலாம்.

4. நல்ல காளான்களைத் துணைக்கு அழையுங்கள். நூற்புழுவின் முட்டையைத் தின்னும் பொக்கோனியா, வேரைக் காக்கும் டிரைக்கோடெர்மா ஆகியவை தூளாகக் கிடைக்கின்றன. தொழுவுரத்தில் கலந்து இட வேண்டும். வெயிலில் வேக வைத்த மண்ணில் நல்ல உயிர்களும் அழிந்திருக்கும் என்பதால், அதோடு இவற்றைச் சேர்ப்பது மிகவும் நல்லது.

5. பட்டுப்போன செடியை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். அதே குழியில் உடனே கத்தரி, தக்காளி, வெண்டை, மல்லிகை நடாதீர்கள். அந்த மண்வெட்டியைக் கழுவிக் காய வைத்த பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டு போங்கள்.

மிளகு வைத்திருப்பவர்களுக்கு

மிளகில் இது மெதுவாக வாடும் நோயாக வரும். மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கும்போது இலைகள் மஞ்சளாகி உதிரும். ஜூன் மழையில் கொடி மீண்டும் துளிர்க்கும்; நமக்கும் நம்பிக்கை வரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் துளிர் குறைந்து, சில ஆண்டுகளில் கொடி முடிந்துவிடும். சில நாட்களிலேயே கொடி சாயும் வேகமான வாடல் நோய் வேறு. அது வேறொரு நுண்ணுயிரால் வருவது.

கன்று வளர்க்கும் மண்ணை முன்சொன்னபடி வெயிலில் வேக வைப்பதே முதல் காப்பு. வளர்ந்த கொடிக்கு ஆண்டுதோறும் மழைத் தொடக்கத்தில் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். கொடி ஏற்றும் முள்முருங்கை மரமே வேர்முடிச்சுப் புழுவுக்கு நல்ல உணவு என்பதால், புழு கண்ட இடத்தில் வேறு மரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘பௌர்ணமி’ என்ற ரகம் வேர்முடிச்சுப் புழுவை ஓரளவு தாங்கி நிற்கும்.

இடம் குறைந்த வீடுகளில் தொட்டியில் வளர்க்கும் செடி மிளகு இப்போது பலரிடம் இருக்கிறது. வாங்கும்போது, தென்னமெரிக்கக் காட்டு மிளகு வேரில் ஒட்டுக் கட்டிய கன்றா என்று கேளுங்கள். அந்தக் காட்டு மிளகின் வேரை இந்த இரண்டு புழுக்களும் எளிதில் வெல்ல முடிவதில்லை. வேகமான வாடல் நோயையும் அது தாங்கும்.

வாழைக் கன்று வாங்கினால் வேர்களை அறுத்தெறிந்து, கிழங்கின் மேல்தோலை வெள்ளை தெரியும்வரை சீவி, 50 முதல் 55 டிகிரி சூடுள்ள நீரில் இருபது நிமிடம் வைத்து நடுவது பழகிய முறை. இஞ்சி, மஞ்சள் விதையையும் புழு கண்ட தோட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது.

வேரோடு வேண்டாம்

இத்தனையும் வந்த பிறகு செய்யும் வைத்தியம். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. அதற்கு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினால் போதும்.

வேரைத் தாக்கும் இந்தப் புழுக்கள் தண்டின் மேல்பகுதிக்கு ஏறுவதில்லை, விதையிலும் வருவதில்லை. ஆகவே, வேரும் மண்ணும் சேர்ந்த செடிக்குப் பதிலாகக் குச்சியாகவோ விதையாகவோ வாங்கி வரலாம். மல்லிகைக்குத் தரையில் புதைத்து எடுத்த பதியனை விட்டு, தரைக்கு மேலே வெட்டிய குச்சியை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வேக வைத்த மண்ணில் ஊன்றுங்கள். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூவுக்கும் இதே முறைதான். நாட்டுக் கனகாம்பரத்துக்கு விதையே போதும். விதை பிடிக்காத டெல்லிக் கனகாம்பரத்துக்கு மட்டும் நுனிக் குச்சி வேண்டும். கறிவேப்பிலைக்குப் பழுத்த கறுப்புப் பழங்களைப் பறித்து வந்து, வாடுமுன் சதை நீக்கி விதைத்தால் நன்றாக முளைக்கும்.

வேரோடு வாங்கியே தீர வேண்டும் என்றால், வாங்கும் இடத்தில் பையைப் பிரித்து வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நல்லதாகத் தெரிந்தாலும் ஒரு மாதம் தனியே தொட்டியில், மற்றச் செடிகளிலிருந்து விலக்கி, தரையில் மண் படாமல் வைத்து, வேரை மறுபடி பார்த்த பிறகு தரையில் நடுங்கள்.

நம் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் செடி கொடுத்து உறவு வளர்ப்பவர்கள். பொங்கல் விழாவிலும் குடும்பக் கூட்டங்களிலும் கை மாறும் செடிகள் எத்தனையோ. அடுத்த வீட்டு மலையாளச் சகோதரிக்கு நாம் ஆசையோடு தரும் மல்லிகை, அவர்கள் பிழைப்பை நம்பியிருக்கும் மிளகுத் தோட்டத்துக்குப் புழுவைக் கொண்டு சேர்த்துவிடக் கூடாது. கொடுப்பவர் வேரைப் பார்த்துக் கொடுக்கட்டும். வாங்குபவர் கூச்சப்படாமல் பார்த்து வாங்கட்டும். ஒரு குச்சியும் ஒரு பிடி விதையும் கொடுத்தாலும் அன்பு குறைந்துவிடாது. அந்தச் செடியும் நெடுநாள் நின்று பூக்கும்.